சிறிய ஆடை, குறையாத உழைப்பு

கூட்டுறவு ஆய்வாளராக ஊர் ஊராகச் செல்லும் நமக்குப் பேரேடும் இருப்புப் புத்தகமுமே பெரும்பாலும் பேச்சுத் துணை. ஆயினும், ஏடுகளின் நடுவே எதிர்பாராத பொருள் ஒன்று தோன்றி நம் சிந்தனையைக் கவர்ந்துவிடுவதும் உண்டு. அண்மையில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது, பள்ளிச் சீருடை, கூலிப் பட்டுவாடா ஆகிய வழக்கமான தீர்மானங்களுக்கு இடையே, "பொம்மைகளுக்கு ஆடை தைத்து விற்பனை செய்வதென முடிவு செய்யப்பட்டது" என்ற வாசகம் கண்ணிற் பட்டது.

விசாரித்தோம். அங்கத்தினரான அம்மையார் ஒருவருடைய மகள் அமெரிக்காவில் வாழ்கிறார். அவர் ஊருக்கு வந்தபோது தம் பெண்ணின் 18 அங்குலப் பொம்மையையும், பழம்பொருட் கடையில் வாங்கிய பழைய காகித மாதிரி உறை ஒன்றையும் கொண்டுவந்தாராம். அம்மையார் அருகிலுள்ள கைத்தறிச் சங்கத்தில் துண்டுத் துணி வாங்கி, அந்த மாதிரியைக் கொண்டு ஒரு கவுன் தைத்தார். கண்டவர் அனைவரும் வியந்தனர். உடனே தீர்மானமும் எழுதப்பட்டது.

தீர்மானத்துடன் மதிப்பீட்டுத் தாள் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. துணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, பித்தானுக்கு இவ்வளவு எனக் காசு சுத்தமாகக் கணக்கிட்டிருந்தனர். கூலி என்ற இடத்தில் மட்டும், "ஓய்வு நேர வேலை, தனிக் கூலி இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. "சின்னச் சட்டைதானே, ஐயா!" என்றார் செயலாளர்.

அந்த ஒரு வரியே இக்கட்டுரைக்குக் காரணம். பொம்மை ஆடைத் தையல் மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் கலை. கலை மட்டுமன்று, தொழிலும் ஆகும். அதன் வரலாற்றையும் முறையையும் ஓரளவு அறிந்துகொண்டால், "சின்னச் சட்டைதானே" என்ற சொல் எவ்வளவு பிழையானது என்பது தானே விளங்கும்.

காகித மாதிரி பிறந்த கதை

தையற்காரர்கள் "பேட்டர்ன்" என்று கூறும் வெட்டு மாதிரி, நம் நெசவாளருக்குப் புதுமையானதன்று. ஜக்கார்டுத் தறியில் தொங்கும் துளை அட்டைகளை நாம் அறிவோம். பூ வேலையை ஒருவர் ஒருமுறை சிந்தித்து அட்டையில் துளையிட்டுவிடுகிறார். பின்னர் அதே பூவைப் பல தறிகளில் பலர் நெய்கின்றனர். காகித மாதிரியும் அத்தகையதே. தேர்ந்த கைகாரர் ஒருவரின் வெட்டுத் திறமையை, பயிற்சி இல்லாத ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தளிக்கும் சாதனம் அது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். 1863ஆம் ஆண்டில், ஒரே ஆடைக்குப் பல அளவுகளில் தனித்தனி மாதிரிகளை வெட்டி விற்கும் முறையை அவர் தொடங்கினார். அதற்கு முன்னும் பத்திரிகைகளில் மாதிரிகள் வந்ததுண்டு. ஆனால் அவை ஒரே அளவினவாக இருந்தமையால், தம் உடலுக்கு ஏற்பப் பெருக்கவோ குறுக்கவோ வாங்கியவரே அறிந்திருக்க வேண்டும். பட்டரிக் அந்தச் சுமையை நீக்கினார். மெல்லிய காகிதத்தில் வெட்டப்பட்ட அவருடைய மாதிரிகள் மடித்து அஞ்சலில் அனுப்பத் தக்கனவாய் இருந்தன. 1870இல் ஜேம்ஸ் மெக்கால் என்ற தையற்காரர் நியூயார்க்கில் இதே தொழிலை மேற்கொண்டார். 1927இல் தோன்றிய சிம்ப்ளிசிட்டி நிறுவனம், சாதாரணக் குடும்பத்தினரும் வாங்கத் தக்க குறைந்த விலையில் மாதிரிகளை விற்றது. பெரியோர் ஆடைகளுக்கான மாதிரிகளோடு பொம்மை ஆடைகளுக்கும் இந்நிறுவனங்கள் மாதிரிகள் வெளியிட்டன. சிறுமியர் தையல் பழகுவதற்கும், பெரிய ஆடையில் மிஞ்சிய துணி வீணாகாமல் இருப்பதற்கும் அவை பயன்பட்டன.

பொம்மை உடுத்திய பாரிஸ்

பொம்மைக்கு ஆடை உடுத்துவது குழந்தைகளின் விளையாட்டுக்காக மட்டும் தோன்றியதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரத்துப் புதுப் பாணி ஆடைகளைப் பிற நாட்டு அரசவையினரும் தையற்காரரும் அறியும்பொருட்டு, அவ்வாடைகளை உடுத்திய பொம்மைகளை அனுப்பும் வழக்கம் இருந்தது. "பண்டோரா" என்று அவற்றை அழைத்தனர். நம் துணி வியாபாரி மாதிரித் துண்டுகளைக் கையில் கொண்டு செல்வதைப் போன்றதே அது.

இதனினும் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி 1945இல் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்பிலிருந்து பாரிஸ் விடுபட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. துணிப் பஞ்சமும், நிலக்கரிப் பஞ்சமும், உணவுப் பஞ்சமும் நகரை வாட்டின. முழு ஆடைகளுக்குத் துணி ஏது? எனவே ஆடை வடிவமைப்பாளர்கள் ஒன்றுகூடி, மனித உருவின் மூன்றில் ஒரு பங்கு அளவில் கம்பியாலான உருவங்களைச் செய்வித்து, அவற்றுக்குத் தத்தம் புதிய ஆடைகளைத் தைத்து அணிவித்தனர். உருவங்களின் உயரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். "தியாத்ர் த லா மோத்" எனப் பெயரிடப்பட்ட அக்கண்காட்சி 1945 மார்ச் 28ஆம் நாள் லூவர் அரண்மனைக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்தனர். போர்த் துயர் நிவாரணத்திற்கு அதன்வழி நிதி சேர்ந்தது. 1946இல் அவ்வுருவங்கள் அமெரிக்காவுக்கும் சென்றன. பின்னர் அந்நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றன.

அங்கே பித்தான்கள் உண்மையாகவே காஜாவில் நுழைந்தன. கைப்பைகள் உண்மையாகவே திறந்து மூடின. துணி மூன்றில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. ஆனால் வெட்டியவர், தைத்தவர், காலணி செய்தவர், தொப்பி செய்தவர் எவருடைய உழைப்பும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடவில்லை. நாம் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே.

வீட்டில் தைத்த கைகள்

இத்தொழிலில் வீட்டிலிருந்தபடியே தைத்த பெண்டிரின் பங்கு பெரிது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் நகரில் ஜென்னி கிரேவ்ஸ் என்ற அம்மையார் 1922ஆம் ஆண்டில் பொம்மைக் கடை ஒன்றைத் தொடங்கினார். பொம்மைகளை ஆடையின்றி வாங்கித் தாமே ஆடை தைத்து உடுத்தி விற்றார். தேவை பெருகியபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் தத்தம் வீடுகளில் அவருக்காகத் தைத்துக் கொடுத்தனர். 1950களில் அவருடைய "ஜின்னி" என்ற ஏறத்தாழ 8 அங்குலப் பொம்மை நாடெங்கும் புகழ் பெற்றது. அதன் புகழுக்கு முகத்தைப் போலவே ஆடைகளும் காரணம்.

1959 மார்ச்சு 9ஆம் நாள் நியூயார்க் பொம்மைச் சந்தையில் "பார்பி" அறிமுகமாயிற்று. 11½ அங்குல உயரமுள்ள அப்பொம்மையின் விலை 3 டாலர். ஆடைகளோ தனித்தனியே 1 டாலர் முதல் 5 டாலர் வரை விற்கப்பட்டன. பொம்மையைவிட ஆடை விலை மிகுந்திருந்தது எவ்வாறு என்று வியப்போர் அவ்வாடைகளை உற்று நோக்கவேண்டும். உள்துணி, சின்னஞ்சிறு ஜிப்பு, கையால் தைத்த பித்தான் எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றை உருவாக்கிய சார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளர் ஜப்பானுக்கே சென்று தங்கி உற்பத்தியை ஒழுங்குபடுத்தினார். தைத்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியக் குடும்பப் பெண்கள். வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள். கூலி உயர்ந்த நாட்டில் அந்த நுண்ணிய வேலையைச் செய்வித்தால் அந்த விலைக்கு விற்றல் இயலாது என்பதே அவ்வேலை கடல் கடந்ததன் காரணம். ஆடையைப் புகழ்ந்தவர் பலர். அதைத் தைத்த பெண்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

கடை ஆடை வாங்க இயலாத குடும்பங்களில் தாய்மாரும் பாட்டிமாரும் காகித மாதிரியை வாங்கித் தாமே தைத்தனர். 1960களில் 11½ அங்குலப் பொம்மைக்கு ஆடை மாதிரிகள் பல வெளிவந்தன. ஒரே உறையில் பல ஆடைகளின் மாதிரிகள் அடங்கியிருந்தன. பின்னர் 1986இல் பிளசன்ட் கம்பெனி என்ற நிறுவனம் 18 அங்குலச் சிறுமிப் பொம்மைகளை வெளியிட்டது. அந்த அளவுக்கும் மாதிரிகள் நிறையத் தோன்றின. நம் அம்மையார் கையில் வந்து சேர்ந்தது இவ்வழியில் வந்த கலையேயாகும்.

பழைய மாதிரியும் புதிய மாதிரியும்

அம்மையார் முதலில் தைத்த கவுன் பொம்மைக்குப் பொருந்தவில்லை என்பதைப் பிறகே கூறினார். உறையின்மேல் 18 அங்குலம் என்றிருந்தது. பொம்மையும் 18 அங்குலமே. ஆயினும் முதுகுப்புறம் இரண்டு விரற்கடை மூடவில்லை. காரணம் எளிது. அந்தப் பழைய மாதிரி ஒல்லியான உடல் கொண்ட பழங்காலப் பொம்மைக்கு உரியது; பிற்காலப் பொம்மையோ பருத்த இடையுடையது. உயரம் ஒன்றாயிருப்பதால் உடல் ஒன்றாகிவிடாது. எனவே மார்பு, இடை, கழுத்து, கை, மணிக்கட்டு ஆகியவற்றை நூல் கொண்டு அளந்து, மாதிரியின் அளவோடு ஒப்பிட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்கவேண்டும்.

பழைய மாதிரிகளில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. 1920களில் மெக்கால் நிறுவனம் அச்சிட்ட மாதிரிகளை வெளியிடும் வரையில், மாதிரிக் காகிதங்களில் எழுத்தே இல்லை. சிறுதுளைகளும் ஓர வெட்டுக்களுமே அடையாளம். அதன் பின்னரும் பல ஆண்டுகள் சில நிறுவனங்கள் துளை மாதிரிகளையே விற்றன. எந்தத் துளை நேர்நூலைக் குறிக்கிறது, எது மடிப்பைக் குறிக்கிறது என்பதை உடன் வந்த குறிப்புத் தாளால் அறியலாம். தாள் தொலைந்திருந்தால், துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே அறியவேண்டும். தையலுக்கு விடும் ஓரம் மாதிரியில் சேர்ந்துள்ளதா, சேர்க்கப்பட வேண்டுமா என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். பொம்மை மாதிரிகளில் அவ்வோரம் பெரும்பாலும் கால் அங்குலம்.

பழங்காகிதம் நொறுங்கும் இயல்புடையது. ஆதலால் அதனை வெட்டாமலும், அதன்மேல் ஊசி குத்தாமலும், புதிய காகிதத்தில் படி எடுத்துக்கொண்டு மூலத்தை உறையிலேயே பத்திரப்படுத்துவது முறை. படி எடுத்ததும் பழைய வேட்டித் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, குறையிருப்பின் காகிதத்தில் திருத்தி, அதன் பின்னரே நல்ல துணியில் வெட்டவேண்டும்.

விற்பனைக்குத் தைப்போர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வணிக மாதிரி உறைகள் பலவற்றில் வீட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே என்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். சங்கத்தின் பெயரால் விற்க விரும்பினால், பொம்மையை அளந்து சொந்த மாதிரி வரைந்துகொள்வதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

நூல் சுருங்குவதில்லை

நெசவாளர் அன்பர்கள் இப்பகுதியைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். பொம்மையைச் சிறிதாக்கலாம், நூலைச் சிறிதாக்க இயலாது. பார்பி மனித உருவில் ஆறில் ஒரு பங்கு அளவினது. அங்குலத்திற்கு 60 இழை கொண்ட நல்ல துணியை அதற்கு உடுத்தினால், நாம் அங்குலத்திற்கு 10 இழை கொண்ட துணியை உடுத்தியது போலத் தோன்றும். அதாவது, கோணிச் சாக்கு! அரை அங்குலக் கட்டம் 3 அங்குலக் கட்டமாகிவிடும். கால் அங்குலத் தையல் ஓரம் ஒன்றரை அங்குலமாகத் தடித்து நிற்கும். அப்பொம்மையின் இடை இயற்கைக்கு மாறாக மெலிந்திருப்பதற்கும், இடையில் பல மடிப்பாகச் சேரும் துணியின் தடிப்பே காரணம் என்று விளக்கம் கூறுவர்.

ஆகவே மெல்லிய துணியே இதற்கு ஏற்றது. 80, 100 நம்பர் நூலில் நெய்த மல், மெல்லிய வாயில், பொடிக் கட்டம், ஊசிக் கோடு ஆகியவை பொருந்தும். பெரிய பூவும் தடித்த சரிகையும் பொருந்தா. 18 அங்குலப் பொம்மை எட்டு வயதுச் சிறுமியின் உருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் சிறிது தடித்த துணியையும் தாங்கும்.

சாயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1950, 60களில் அமெரிக்காவில் நம் "மெட்ராஸ்" கட்டத் துணி, சாயம் கலைவதையே சிறப்பாக விளம்பரம் செய்து விற்கப்பட்டது. பெரியோர் சட்டைக்கு அது அழகாயிருக்கலாம். பொம்மைக்கு அதுவே கேடு. கரும்பச்சை, சிவப்பு, கருநீலம் ஆகிய நிறங்கள் பிளாஸ்டிக் உடலில் ஊறிக் கறையாகப் படிந்துவிடும். பின்னர் நீக்குதல் அரிது. வெட்டுமுன் துணியை நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது இன்றியமையாதது.

தைக்கும் வரிசை

பெரிய ஆடையில் பக்கத் தையலை முடித்த பின்னர்க் கையை வட்டமாகப் பொருத்துவதுண்டு. பொம்மை ஆடையில் அவ்வட்டம் நம் விரலளவே இருக்கும். எந்திரத்தின் பாதம் அதனுள் நுழையாது. ஆதலால் வரிசையை மாற்றவேண்டும். முதலில் தோள்களை இணைத்து, கழுத்தை முடிக்கவேண்டும். பிறகு கையின் ஓரத்தை மடித்து அடித்து, துணி தட்டையாக இருக்கும்போதே கையைப் பொருத்தவேண்டும். அதன் பிறகே கையின் நுனியிலிருந்து இடை வரை ஒரே தையலாகப் பக்கத்தை மூடவேண்டும். பாவாடையைச் சுருக்கி இடையில் இணைப்பதும், முதுகுத் திறப்பைப் பிரஸ் பட்டனால் முடிப்பதும் கடைசியில். மேற்பகுதி முழுவதற்கும் மெல்லிய உள்துணி கொடுத்துத் திருப்பிவிட்டால், கழுத்திலும் தோளிலும் ஓரம் மடிக்கும் தொல்லை இல்லை.

தையலின் நீளத்தைக் குறைத்து, கால் அங்குல ஓரத்தில் தைத்த பின் பாதியாகக் கத்தரித்துவிடவேண்டும். முதலிலேயே குறுகிய ஓரம் விட்டால் துணி எந்திரத்தின் பற்களில் சிக்கிக்கொள்ளும். பொம்மையின் கை மடங்காது. விரல்கள் துணியில் மாட்டும். ஆகவே முதுகுத் திறப்பு இடைக்குக் கீழேயும் இறங்கவேண்டும்.

கணக்கு நேரானது

இப்போது சங்கத்தின் மதிப்பீட்டுத் தாளுக்கு வருவோம். சிறுமியின் கவுனில் எத்தனை தையல் உண்டோ அத்தனை தையலும் பொம்மையின் கவுனில் உண்டு. தோள் இரண்டு, கை இரண்டு, பக்கம் இரண்டு, இடை, முதுகு, கீழோரம். தையலின் நீளம் குறைகிறதேயன்றி எண்ணிக்கை குறைவதில்லை. தொடங்குவது, நிறுத்துவது, திருப்புவது, நூல் அறுப்பது, இஸ்திரி போடுவது ஆகிய வேலைகளிலேயே நேரம் செல்கிறது.

இதனை நாம் வாயால் விளக்கியபோது சிலர் ஐயுற்றனர். சுவர்க் கடிகாரத்தின் எதிரில் அம்மையாரை ஒரு கவுன் தைக்குமாறு வேண்டினோம். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நேரம் ஆகுமென்று எனக்கே தெரியாது, ஐயா. வீட்டு வேலைக்கு இடையில் தைத்ததால் எண்ணிப் பார்க்கவில்லை" என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அங்கிருந்த பெண்டிர் ஒவ்வொருவரும் எண்ணிப் பாராத தம் நேரங்களை அப்போது எண்ணினர் போலும்.

மறுவாரம் சென்றபோது அவர்களே ஒரு சோதனை செய்திருந்தனர். ஆறு கவுன்களை ஒன்றாக வெட்டி, ஆறுக்கும் தோள், பின்னர் ஆறுக்கும் கை என ஒவ்வொரு வேலையையும் மொத்தமாக முடித்தனர். காஜாவை விடுத்துப் பிரஸ் பட்டன் வைத்தனர். ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்நேரத்திற்குச் சங்கத்தின் கூலி விகிதத்தை இட்டுப் பார்த்தபோது, முதலில் எழுதிய விற்பனை விலை கூலிக்கே போதவில்லை.

தீர்மானம் ரத்தாகவில்லை, திருத்தப்பட்டது. பொதுவிற்பனைக்கெனத் தைத்துக் குவிப்பதில்லை என்றும், விலை ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுப்பவருக்கு மட்டும் தைப்பதென்றும், கைத்தறிச் சங்கத் துண்டுகளுக்கு உரிய விலை கொடுப்பதென்றும் முடிவாயிற்று. கூலி என்ற இடத்தில், "எடுக்கும் நேரப்படி" என்று செயலாளர் தம் கையாலேயே எழுதினார்.

அங்கத்தினர் அன்பர்களே, பொம்மை ஆடையால் ஒரு சங்கம் செழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. கற்றுக்கொள்ளத் தக்க இனிய கலை அது. பேத்திக்குத் தைத்துக் கொடுத்தால் அன்பே அதன் கூலி. ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால், பொருளின் சிறுமையைக் கண்டு உழைப்பையும் சிறிதென்று எண்ணலாகாது. கைக்குட்டை நெய்பவருக்கும், பூத்தொடுப்பவருக்கும், விதை பொறுக்குபவருக்கும் இது பொருந்தும். அடுத்த மதிப்பீட்டுத் தாள் உங்கள் முன் வரும்போது, துணியின் கணக்கைப் பார்ப்பதற்கு முன் கூலியின் வரியைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் கையொப்பம் இடாதீர்கள்.